மனப்பாரம் இல்லாதவளுக்குத் தேர்வு இல்லை

நர்சிங் மாணவிகளின் மனநலம் காக்கக் கல்லூரி ஒரு ரோபோவை வாங்கியது. பஞ்சு பொதிந்த கைகள், பசுவின் கண்கள். முதல்வர் மேடம் அதற்கு ‘அரவணைப்பு’ என்று பெயர் சூட்டி, ரிப்பன் வெட்டி, கூட்டமே கொட்டாவி விடும்வரை பேசினார். கையோடு ஒரு சட்டமும் போட்டார்: ரோபோவிடம் அழுது, அது ‘ஆறுதல் அளிக்கப்பட்டது’ என்று சொன்னால்தான் செய்முறைத் தேர்வுக்குள் நுழையலாம்.

மற்றவர்கள் அழுகையில் வெளுத்து வாங்கினார்கள். ஒருத்தி காய்ச்சல் வார்டு மேட்ரனை நினைத்து அழுதாள். இன்னொருத்தி கிடைத்த ஆறுதல் பிடித்துப்போய் மறுபடியும் வரிசையில் நின்றாள். பல்லழகிக்குத்தான் வம்பு. அந்தப் பட்டப்பெயரே எந்நேரமும் பல் தெரியச் சிரிப்பதால் வந்தது. படுத்தால் தூங்குவாள், நோயாளிகளின் பெட்பேனைக்கூடப் பாடிக்கொண்டே கழுவுவாள்.

“மனப்பாரத்தை இறக்கி வையுங்கள்” என்றது ரோபோ.

“எங்க மாமா வீட்டு நாய் செத்துப்போச்சு.”

“குரலில் சோகம் இல்லை. மறுபடி முயலுங்கள்.”

தேர்வன்று காலை அம்மாவுக்குப் போன் போட்டாள். “ஏம்மா, நம்ம வீட்ல எனக்குத் தெரியாம ஏதாச்சும் கஷ்டம் இருக்கா?”

“உங்கப்பா குறட்டை இருக்கே. போதாதாடி?”

“அது உன் கஷ்டம்.”

“அப்ப நீ வந்து பக்கத்து ரூம்ல படு. தானா வரும்.”

முதல்வர் அறையில் கதையே முடிந்தது. “நல்லா இருக்கேன்னு சொல்ல வெக்கமா இல்ல? எவ்வளவு பெரிய மெஷினை அவமானப்படுத்துறே. போம்மா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.”

அடுத்த வருஷம் என்ற சொல்லில் பல்லழகி உடைந்துபோனாள். ஊசி போட, கட்டுக் கட்ட, கட்டிலில் விரிப்பு மாற்ற என்று எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தவள், அங்கேயே குலுங்கிக் குலுங்கி அழுதாள். சத்தம் கேட்டு ரோபோ உருண்டோடி வந்து கட்டிக்கொண்டது.

“அழுங்கள். யார் காரணம்?”

“நீதான்.”

ரோபோவின் வயிற்றுக்குள் விசிறி சற்று நேரம் திணறியது. பிறகு அறிவித்தது: “காரணம் நான். சிகிச்சை: இவர் இனி என் பக்கம் வரக் கூடாது. ஆறுதல் அளிக்கப்பட்டது.”

மேடத்தின் முகம் சுண்டிவிட்டது. ஆனால் அது அவரே போட்ட சட்டம். ரோபோ சொன்னால் சொன்னதுதான். ஹால் டிக்கெட்டில் முத்திரை குத்தப் போனவரின் வலது மணிக்கட்டைப் பஞ்சுக் கை பிடித்தது.

“ஒரு பெண்ணை அழ வைத்துவிட்டேன். எனக்கு மனப்பாரமாக இருக்கிறது.”

மேடம் உதறிப் பார்த்தார். பிடி தளரவில்லை. வேறு வழியில்லாமல் இன்னொரு கையால் அதன் முதுகைத் தட்டினார். “சரி, சரி. விடு. நடந்தது நடந்துபோச்சு.”

பல்லழகி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். “மேடம், நான்...”

மேடம் இடது கையாலேயே முத்திரையைக் குத்தி நீட்டினார். “இடது கையால குத்தினாலும் செல்லும். எடுத்துட்டுப் போ.” பிடி விடாத ரோபோவை மறுபடி தட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். “போறப்போ கதவைச் சாத்திட்டுப் போம்மா.”