ஏணிக்குக் கால் மரத்த கதை

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது கழுத்து வலி. குனிந்தே எழுதிக் கழுத்து பிடித்துக்கொண்டதால், இயன்முறைச் சிகிச்சை அறையில் காத்திருந்தேன். எதிரே இரண்டு கம்பிகளைப் பிடித்தபடி நெடுநெடுவென்று ஒருவர் தன் வலது காலைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"என்னமோ மாமியார் வீட்டுக்கு வந்த மாதிரி உக்காந்துட்ட? நகருடா!"

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். கட்டடங்களுக்கு வர்ணம் அடிப்பவர். உயரத்தைப் பார்த்து நண்பர்கள் வைத்த பெயர் ஏணி. எழுதலாமா என்று கேட்டேன்.

"எழுதுங்க. பாவம்னு மட்டும் எழுதாதீங்க."

2

'ஊசி ஏறிய அந்தக் கணமே ஏணியின் விதி—'

(அடித்துவிட்டேன். எறும்பு கடித்த மாதிரிகூட இல்லையாம்.)

'வெள்ளை உடுப்பில் நின்ற அண்ணியின் கண்களில்—'

(இதையும் அடித்தேன். இப்படி ஆரம்பித்தால் அண்ணியை வில்லியாக்காமல் பேனா ஓயாது.)

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். ஏணியின் அண்ணன் மனைவி, சுகாதார நிலையத்தில் செவிலியர். வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் தடுப்பூசி போட்டது அவர்தான். சில நாள் கழித்து, வேலையில் இருந்த ஏணிக்குத் தன் கால் படியில்தான் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. மாலையில் அண்ணியிடம் சொன்னார். அடுப்படியில் அவசரமாக இருந்த அண்ணி, "நாள் முழுக்க ஏணியில நின்னா கால் மரத்துத்தான் போகும் தம்பி. வெந்நீர்ல கால வைங்க" என்றார்.

வைத்தார். மறுநாளும் வைத்தார். அதற்கு அடுத்த நாள் எழுந்து நிற்க முடியவில்லை.*

* நோய்க்கு நீளமான பெயர் இருக்கிறது. காவலுக்கு வைத்த ஆளே வீட்டுக்காரனை அடித்த மாதிரி, உடம்பின் எதிர்ப்புச் சக்தி நரம்புகளையே தாக்கிவிடுகிறது. லட்சக்கணக்கானவர்களில் ஒருவருக்கு ஊசியால் வரலாம். அவருக்கு முன்பே இருந்த வயிற்றுப்போக்காலும் வந்திருக்கலாம். எதனால் என்று மருத்துவராலேயே அடித்துச் சொல்ல முடியவில்லை. கால் மரத்த அன்றே மருத்துவமனைக்கு வந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் அடித்துச் சொன்னார்.

3

இப்போது என் சந்தேகம். அந்த வெந்நீர் விஷயத்தை ஏணி வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மருத்துவமனையில் செயற்கை மூச்சுக் குழாயோடு கிடந்தபோதும் சரி, வீடு திரும்பிய பிறகும் சரி. இவ்வளவு நல்லவரை வைத்துக்கொண்டு கதை எழுத முடியுமா? கேட்டே விட்டேன்.

"உங்களுக்குக் கோபமே வரலையா?"

"ஏன் வராம? வண்டி வண்டியா இருக்கு. எங்க கொண்டுபோய் இறக்குறதுன்னுதான் தெரியல."

"அப்ப என்கிட்ட மட்டும் ஏன் சொன்னீங்க?"

"நீங்க கதை எழுதுறவரு. சொன்னா யாரு நம்பப் போறா?"

அதற்குப் பிறகு அவரைச் சந்தேகப்படவில்லை.

4

அண்ணி அதன் பின் ஊசியைத் தொடவில்லை. மாற்றல் கேட்டு வாங்கிப் பதிவு மேசைக்குப் போய்விட்டார். இருபது வருஷம் பிள்ளைகளைச் சிரிக்கவைத்தே ஊசி போட்டவர்.

ஏணியின் மகளுக்குத் தடுப்பூசி போடும் நாள் வந்தது. தாராளமாகப் போடலாம் என்று நரம்பு மருத்துவர் சொல்லிவிட்டார். மனைவியும் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. "அக்கா கையால மட்டும் வேண்டாம்." (அண்ணி அவருக்கு அக்கா முறை.) சூடு கண்ட பூனை, அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூவரும் சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். ஏணி கைத்தடியோடு நேராகப் பதிவு மேசைக்கு நடந்தார்.

"நீங்கதான் போடணும் அண்ணி."

"என்னால முடியாது தம்பி. வற்புறுத்தாதீங்க."

"ஊசிக்காக உங்க மேல எனக்குக் கோபமில்ல. வெந்நீருக்காகத்தான் கோபம்."

அண்ணி பதிவேட்டை மூடினார். பிறகு மெல்லச் சொன்னார்: "இத எப்பக் கேப்பீங்கன்னு தினமும் காத்துக்கிட்டிருந்தேன்."

"கேட்டுட்டேன். இனிமே கேக்க மாட்டேன்."

"என்ன வெந்நீர்?" என்றார் மனைவி. ஏணி சொன்னார், ஒன்றையும் மறைக்காமல்.

5

ஒரு பிரதியில் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். படித்தபோது எனக்கே திகட்டியது. இன்னொன்றில் மனைவி பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியேறினார். நடக்கக்கூடியதுதான், ஆனால் எழுதிய கை என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று உங்களைப் பதறவைக்க மாட்டேன். ஒன்றும் ஆகாது. யார் போட்டாலும் கை கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவு: அண்ணி எழுந்துவிட்டார். குழாயடியில் கை கழுவுகிறார். கழுவிய கைக்கே திரும்பவும் சோப்புப் போடுகிறார். பிள்ளை மடியில் இருக்கிறாள். அவள் சட்டைக் கையை மடித்துவிடலாமா என்று மனைவி இன்னும் முடிவு செய்யவில்லை. ஏணி கைத்தடியை ஊன்றிச் சுவரோரம் நிற்கிறார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அந்தக் குழாயை மூட எனக்குத் தைரியமில்லை. நீங்கள் மூடுங்கள்.