முப்பத்திரண்டாவது கிலோமீட்டர்

முப்பத்திரண்டாவது கிலோமீட்டர் பலகைக்கு அருகே அவன் தண்ணீர் பாட்டிலோடு வந்து நின்றபோது, மனைவி அதற்குள் கண்ணுக்கெட்டும் தூரத்தில் ஓடி வந்துகொண்டிருந்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அவன் சொன்னதைவிடப் பத்து நிமிடம் முந்தி வருகிறாள்.

லிஃப்ட் பழுதுபார்ப்பது அவன் வேலை. எவ்வளவு பாரத்தைக் கம்பி தாங்கும் என்று தினமும் பார்க்கிறவன். அவள் இதற்கு முன் ஓடிய சின்ன ஓட்டங்கள், இரண்டு அரை மாரத்தான்கள், எல்லாவற்றின் நேரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு, முழு மாரத்தானுக்கு நாலே கால் மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தான்.

"நாலு மணி நேரத்துல முடிக்க முடியாதா?" என்று அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"முடியாது. நீ இதுவரைக்கும் ஓடுனதை வச்சுப் பார்த்தா வாய்ப்பே இல்ல."

அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

இப்போது சாலையோரமாக அவளோடு சேர்ந்து ஓடியபடி பாட்டிலை நீட்டினான்.

"வேகத்தக் குறை. கடைசியில கால் பிடிச்சுக்கும்."

"நல்லாத்தான் இருக்கேன்."

"இப்ப அப்படித்தான் இருக்கும். சொன்னா கேளு."

ஒரு வாய் குடித்தாள். "எனக்கு எது முடியும், எது முடியாதுன்னு எப்பவும் நீங்கதான சொல்றீங்க," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. பாட்டிலை அவன் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

பைக்கில் குறுக்குத் தெருக்கள் வழியாக முடிவுக் கோட்டுக்கு வந்து கூட்டத்தில் நின்றான். நாலு மணி நேரம் தாண்டியது. அவள் வரவில்லை. பார்த்தியா, என்று உள்ளுக்குள் ஒரு குரல் துள்ளியது. அதைக் கேட்டு அவனுக்கே கூசியது. நாலே கால் நெருங்க நெருங்க, தன் கணக்காவது பலிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான். அதுவும் கடந்தது. ஓட்டக்காரர்கள் வரும் திசையை நோக்கி ஆம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு போனது. அவளுடைய போன் அவன் சட்டைப்பையில்தான் இருந்தது.

தடுப்புக் கயிற்றருகே நின்ற தொண்டர் பெண்ணிடம் கேட்டான்.

"யாரோ விழுந்துட்டாங்களாம் சார். ஆம்பளையா பொம்பளையான்னு தெரியல."

அவன் கயிற்றுக்கு அடியில் நுழைந்தான். தொண்டர் பெண் கூப்பிடுவதைக் காதில் வாங்காமல் வளைவுவரை ஓடினான். வளைவுக்கு அப்பால், சாலைத் தடுப்பைப் பிடித்துப் பிடித்து ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு மனைவி வந்துகொண்டிருந்தாள். உப்புப் பூத்த முகம். பாய்ந்து தோளைத் தாங்கப் போனான்.

"தொடாதீங்க," என்றாள். "தொட்டா என் ஓட்டம் செல்லாது."

அவன் கை பாதியில் நின்றது.

"சொல்லிடுங்க, நான் அப்பவே சொன்னேன்லன்னு."

"ரொம்ப வலிக்குதா?" என்றான்.

"உயிர் போகுது."

தடுப்பிலிருந்து கையை எடுத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, இழுத்த காலையே முன்னால் வைத்து, ஓட ஆரம்பித்தாள். விழுந்தால் பிடித்துக்கொள்ள இரண்டு கைகளையும் விரித்தபடி, அவள் மேல் படாமல், அவன் பின்னாலேயே போனான்.