கேமராவிடம் சொல்லிவிட்டுப் போனது

வெள்ளிக்கிழமை மத்தியானம், கூடத்துச் சுவரில் இருந்த கேமரா துணிக்குள்ளிருந்து மறுபடியும் கெஞ்ச ஆரம்பித்தது.

"அம்மா, அந்தத் துண்ட எடும்மா. ஒரே ஒரு தடவ உன் மொகத்த பாத்துக்கிறேன்."

அசீசுன்னிசா இத்தாவில் இருக்கிறாள். கணவன் மவுத்தாகிவிட்டால் அந்தக் காலம் முடியும்வரை அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டோடு இருக்க வேண்டும். கேமரா வழியாகப் பேசுகிற மகன் அர்ஷத் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அவன் ஷார்ஜாவில் ஆறேழு பேரோடு ஒரே அறையில் கிடக்கிறான். அவன் போனில் இவள் முகம் தெரிந்தால் பக்கத்துக் கட்டில்காரன் கண்ணையா மூடிக்கொள்வான்? கணவன் பீர் முகமதுவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்றே மகள் ரூபினா ஒரு துண்டை எடுத்துக் கேமராவின் தலையில் போட்டுவிட்டாள்.

ஆனாலும் பெற்ற மனசு. லீவு கிடைக்காமல், அத்தாவைத் தூக்கிக்கொண்டு போனதைக்கூட அந்தக் கேமரா வழியாகத்தான் பார்த்தான் பிள்ளை. "பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள். எல்லாரும் தொழுகைக்குப் போய்விட்டார்கள் என்றான். ஒட்டடைக் குச்சியால் துண்டைத் தள்ளிவிட்டாள்.

"எளச்சிட்டியேம்மா" என்று கேமரா அழுதது.

அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கமாகக் கேட்பதையே கேட்டாள்.

"அன்னிக்கு அத்தா உன்கிட்ட இன்னா சொன்னாருப்பா? இன்னொரு தடவ சொல்லு."

அன்றைக்கு அவள் அடுப்படியில் இருந்தாள். குக்கர் கத்திக்கொண்டிருந்தது. பீர் முகமது வெளியே கிளம்புகிறவர், கேமரா முன்னால் நின்று ஏதோ பேசினார். குரல் கேட்டது, பேச்சு கேட்கவில்லை. மகனோடு பேசுகிறார் என்று இவள் விட்டுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அவர் கையிலிருந்த போனும் அங்கேயே காணாமல் போனது.

"சாப்டியான்னு கேட்டாரும்மா" என்றான் அர்ஷத், எப்போதும் போல. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை நாளும் சோற்றில் கை வைத்தாள்.

அதற்குள் ஓரகத்தி அப்ஸானா தன் அம்மாவை அழைத்துக்கொண்டு துக்கம் கேட்க வந்தாள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். இருவரும் உட்கார்ந்தார்கள், எழுந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள், பாய் மாறி உட்கார்ந்தார்கள். திடீரென்று கேமரா உரக்கப் பேசியது.

"அம்மா, யாரும் நடக்காதீங்க. அசையாதீங்க."

"இன்னாடா?"

"நான் பொய் சொல்லிட்டேம்மா. அத்தா பேசினத நான் கேக்கவே இல்ல. வேலையில இருந்தேன், கேமரா புடிச்சு வெச்சிருக்குமே, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். சேதி வந்ததுக்கப்புறம் அதத் தொறக்க தைரியமே வரல. இப்பத் தொறந்து பாத்தா வட்டமா சுத்திகினே நிக்குது, வரமாட்டேங்குது."

அசீசுன்னிசாவின் கண் கேமரா மேலேயே நின்றது. அவன் நிறுத்தவில்லை.

"கேமரா மாட்டினவருக்குப் போன் போட்டேன். யாராச்சும் அசைஞ்சா அது புதுசா ஒரு படம் புடிக்குமாம். கேமராவுக்குள்ள இருக்குற கார்டுல எடம் இல்ல, அதனால பழசுல ஒண்ண அழிச்சுடுமாம். துண்டு மூடி இருந்ததாலதான் இவ்ளோ நாள் அத்தா தப்பிச்சாரு. நான்தான் எடுக்க வெச்சேன். இப்ப அவருக்கு முன்னாடி ரெண்டு மூணுதான் இருக்குது."

"நீயே அங்கேருந்து நிறுத்தேன்டா."

"என் போன்ல பாக்கத்தான் முடியும். நிறுத்தறதுக்கு அத்தா போன் வேணும்."

"அப்ஸானா, அசையாதீங்க. உங்களுக்குப் புண்ணியமா போவும், அப்டியே இருங்க" என்றாள் அசீசுன்னிசா. அப்ஸானாவும் அவள் அம்மாவும் வாயில் வைத்த டம்ளரோடு சிலையாக உட்கார்ந்தார்கள். கேமராவின் ஒயர் எங்கே போகிறது என்று அசீசுன்னிசா கண்ணால் மட்டும் தேடினாள். பரணுக்குள் போகிறது. ஏணி இல்லாமல் எட்டாது. துண்டைத் திரும்பப் போட எழுந்தாலே அது ஒரு படம். மனுஷர்களை அசையாமல் வைத்துவிடலாம் என்று கொஞ்சம் மூச்சு விட்டபோது, மலையிலிருந்து இறங்கிக் கடைத்தெருவையே ஆட்டிப் படைக்கும் குரங்குகளில் ஒன்று, திறந்திருந்த கதவு வழியாக வாழைப்பழத்தைப் பார்த்து உள்ளே வந்தது. அதனிடம் எந்தப் புண்ணியத்தைச் சொல்லி உட்கார வைப்பது?

"ஒண்ணு போச்சும்மா" என்றது கேமரா. அப்ஸானா அலறிக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். "இன்னொண்ணும் போச்சு. அடுத்தது அத்தாதான். அம்மா, எதாச்சும் பண்ணும்மா."

இந்தப் படம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் கரண்டை நிறுத்த வேண்டும். மெயின் பெட்டி தெருப்பக்கச் சுவரில் இருக்கிறது. அசீசுன்னிசா தலைத்துணியை இழுத்துக்கொண்டு வாசற்படியைத் தாண்டினாள். ஜும்ஆத் தொழுகை முடிந்து தெருவெல்லாம் ஆண்கள் வந்துகொண்டிருந்தார்கள். இத்தாவில் இருக்கிற பொம்பளை நடுத்தெருவில் நிற்கிறாளே என்று பார்த்தார்கள். பார்க்கட்டும், நாளைக்குப் பேசிக்கொள்ளட்டும் என்று ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினாள். உள்ளே மகன் குரல் பாதியில் நின்றது.

குரங்கும் வந்தவர்களும் போன பிறகு, விசிறி சுற்றாத அந்தக் கூடத்தில், கட்டையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தப்பித்ததா, அழிந்ததா என்று சொல்ல ஆளில்லை. அல்லாவே, அவர் குரலையாவது விட்டு வை என்று வாய்விட்டே கேட்டாள்.

சாயந்திரம் திண்டிவனம் பஸ்ஸில் ரூபினா வந்தாள். ஸ்டூல் மேல் ஏறிக் கேமராவிலிருந்து நகக்கண் அளவு கார்டை எடுத்துத் தன் போனில் போட்டாள்.

"இருக்குதும்மா" என்றாள். "மொதல்ல அத்தாதான் இருக்காரு."

பீர் முகமது சட்டைப் பொத்தான் போட்டபடி கேமராவை அண்ணாந்து பார்த்தார். பின்னால் குக்கர் கத்தியது.

"அர்ஷத், நெஞ்சு ஒரு மாதிரி புடிக்குதுப்பா. ஆஸ்பத்திரிக்குப் போறேன். அம்மாகிட்ட சொல்லல, பயந்துடுவா. நீ இதப் பாத்தவொடனே அவளுக்குப் போன் பண்ணி, பக்குவமா சொல்லி பின்னாடியே அனுப்பு. தனியா போக ஒரு மாதிரி இருக்குது."

கொஞ்ச நேரம் கேமராவையே பார்த்துக்கொண்டு நின்றார். பதில் வரும் என்று நினைத்திருப்பார். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ரூபினா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எட்டடி தூரத்தில் அடுப்படியில் நின்றேனே, என்னைக் கூப்பிட வாய் வரவில்லையா உங்களுக்கு என்று அசீசுன்னிசாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. இன்னொரு தடவை போடச் சொன்னாள். கேட்டாள். அப்புறம் கையை நீட்டினாள்.

"உன் போன்ல ஏறலியே?"

"இல்லம்மா. கார்டுலதான் இருக்குது."

கார்டை வாங்கி, வெற்றிலைப் பெட்டியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்தாள்.

"அம்மா, இன்னா பண்ற? அத்தாவோட குரல்மா அது. இதுக்காகத்தானே தெருவுல போய் நின்ன?"

"இருந்தா, என்னிக்காச்சும் அவன் இதக் கேட்டுடுவான்டி."

இரண்டாக நறுக்கினாள். துண்டுகளை அடுப்பில் போட்டுவிட்டு வந்தபோது அவள் போன் அடித்தது. ஷார்ஜாவிலிருந்துதான். இப்போதுதான் அவனுக்குக் கேட்கத் தைரியம் வந்திருக்கும்.

"அம்மா, அழிஞ்சிடுச்சா?"

"கார்டு போச்சுப்பா. ஆனா அதுக்கு முன்னாடி நாங்க கேட்டுட்டோம்."

அவன் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"இன்னா சொன்னாரு?"

"நீ சொன்னியே, அதான்" என்றாள் அசீசுன்னிசா. "சாப்டியான்னு கேட்டாரு."

அவன் விம்மி விம்மி அழுது ஓய்கிறவரை போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"சாப்டியாப்பா?" என்று கேட்டாள்.