சாய்த்துப் பார்த்தவள்

எஸ்.பி. ரோட்டில் சிவசங்கரனின் கடைக்கு வரும் பழைய லேப்டாப்புகளுக்கு ஒரே பரீட்சைதான். திரை முழுக்க வெள்ளையாக்கி நேர் எதிரே உட்கார்ந்து பார்ப்பார்கள். ஒரு புள்ளிகூட ஒளியிழந்து செத்திருக்காவிட்டால் 'ஏ' கிரேடு. ஒன்று செத்திருந்தாலும் 'பி'. அதற்குமேல் மறுபேச்சு கிடையாது.

திரைகளைத் துடைப்பது பார்கவியின் வேலை. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டுவிட்டு நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். நின்றுகொண்டு துடைப்பதால் எந்தத் திரையையும் மேலிருந்தோ பக்கவாட்டிலோதான் பார்ப்பாள். பெரும்பாலானவற்றில் கொஞ்சம் சாய்ந்து பார்த்தாலே நிறம் மாறியது. ஏதோ ஒன்றிரண்டில் எப்படிப் பார்த்தாலும் மாறவில்லை. முதல் வகைக்கு டி.என்., இரண்டாவதற்கு ஐ.பி.எஸ். என்று பெயர் என்பதை உதிரிபாகப் பட்டியலில் படித்துத் தெரிந்துகொண்டாள். யாரிடமும் சொன்னதில்லை. அவள் வாயைத் திறப்பதே அபூர்வம்.

அன்று மல்லேஸ்வரத்திலிருந்து நிருபமா மறுபடி வந்திருந்தாள். கல்யாண ஆல்பத்துக்குப் படங்களைத் திருத்திக்கொடுப்பவள். போன மாதம் இங்கே வாங்கிய லேப்டாப்பில் படங்கள் இருட்டாகத் தெரிகின்றன என்று ஒவ்வொரு படத்திலும் வெளிச்சத்தைக் கூட்டியிருக்கிறாள். அச்சில் எல்லாம் வெளிறி, மணப்பெண்ணின் அரக்குப் புடவை காவியாகிவிட்டது. ஸ்டூடியோக்காரர் இன்னொரு ஆல்பம் கொடுத்திருந்தார். அதுவும் கெட்டால் இனி வேலை கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

சிவசங்கரன் பழையதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பளபளக்கும் வேறொரு ஏ கிரேடை வைத்தார். செத்த புள்ளி ஒன்றுகூட இல்லை என்று காட்டினார். நிருபமாவுக்கும் பிடித்துப்போய், வாங்கிக்கொள்கிறேன் என்றாள்.

அதுவும் டி.என். தான். காலையில் துடைத்தபோதே பார்கவி பார்த்திருந்தாள். சும்மா இருந்தால் இந்த அம்மாவின் பிழைப்பு போய்விடும். துணியைப் போட்டுவிட்டு, பி கிரேடு அடுக்கிலிருந்து கனத்த பழைய ஐ.பி.எஸ். லேப்டாப் ஒன்றைத் தூக்கிவந்து பக்கத்தில் வைத்தாள்.

"ஏ, அது பி கிரேடு. நீ போய் தொடைக்கிற வேலையப் பாரு," என்றார் சிவசங்கரன்.

அவள் நகரவில்லை. நிருபமா கையோடு கொண்டுவந்திருந்த சிடியிலிருந்து ஒரு படத்தை இரண்டிலும் திறந்து, இரண்டு மூடிகளையும் பின்னால் சாய்த்தாள். ஏ கிரேடில் மணப்பெண்ணின் முகம் கருத்து, நெகட்டிவ் போலாயிற்று. பழையதில் முகம் முகமாகவே இருந்தது.

"நீங்க எப்டி ஒக்காந்து வேல செய்வீங்க மேடம்?"

"மடியில வெச்சுண்டு, கட்டில்ல."

"அப்ப இந்த ஏ கிரேடுல ஒக்கார்ற மாதிரிக்கு ஒரு கலர் தெரியும். லெட்டர் அடிக்க, மெயில் பாக்க இது போதும். உங்க வேலைக்கு ஆவாது."

பழையதன் மூலையில் ஒரு புள்ளி செத்திருப்பதைச் சிவசங்கரன் சுட்டிக்காட்டினார். கனம், பேட்டரியும் சீக்கிரம் தீரும் என்று பார்கவியே சொல்லிவிட்டாள்.

"புள்ளி இருந்துட்டுப் போறது," என்றாள் நிருபமா. "புடவை புடவையா தெரியறதே."

பத்து நாள் கழித்துக் கடைக்கு போன் வந்தது. நிருபமா பார்கவியைத்தான் கூப்பிடச் சொன்னாள். பெண் வீட்டார் ஆல்பத்தை வாங்கிக்கொண்டார்களாம். ஸ்டூடியோ இன்னும் இரண்டு கொடுத்திருக்கிறதாம். "சரி மேடம்," என்று மட்டும் சொல்லி ரிசீவரை வைத்தாள் பார்கவி. பிறகு சிவசங்கரன் பக்கம் திரும்பினாள்.

"இனிமே எல்லாத்தையும் சாய்ச்சும் பாக்கணும் அண்ணா. இன்னா வேலைக்குன்னு கேட்டுதான் குடுக்கணும்."

"அதெல்லாம் யாரு பாக்குறது? ஆள் ஏது?"

"நான் பாக்குறேன்."