வைஸில் நின்ற சக்கரம்

"அந்தச் சக்கரத்த எடுங்கப்பா, பாடை உள்ள திரும்பாது" என்று செட்டியார்பட்டிச் சித்தப்பா சத்தம் போட்டார்.

சைக்கிள் கடைதான் வீட்டின் முன்னறையும். கடைக்காரர் பேச்சிமுத்துவின் உடலை அங்கேதான் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் மேசை, மேசையில் சாமான்களை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு வைஸ், வைஸில் நேற்றுக் காலையிலிருந்து ஒரு பின்சக்கரம் படுக்கைவாட்டில் மாட்டியபடி நின்றது. மகன் சிவபாண்டி வைஸின் கைப்பிடியைத் தளர்த்தப் போனான்.

"அத அப்படியே தூக்கி ஓரமா வச்சிருவியோ?" முனீஸ்வரி எழுந்துவிட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து இறங்கியதிலிருந்து தம்பியிடம் அவள் பேசிய முதல் பேச்சு. "அப்பா உசுரக் குடிச்ச வேலை இதுலே. முடிச்சிட்டுப் பொறவு கொள்ளிச்சட்டியத் தொடு."

"எக்கா, ஊரே பாக்குது."

"பாக்கட்டும். ஆளுக்கொரு பக்கம் புடிச்சுத் திருப்ப வேண்டியத, எழுவது வயசு மனுசன்கிட்ட ஒத்தையில விட்டுட்டு டீ குடிக்கப் போனவன்தான நீ!"

அவள் சொன்னதில் பொய் இல்லை, அதனால்தான் எரிந்தது. சங்கிலி ஓடும் பல்சக்கரமான பிரீவீல், சக்கர நடுவிலுள்ள ஹப்பின் மரையில் மிதிக்க மிதிக்க இறுகுகிற சாமான். பத்து வருஷம் மிதிபட்டுத் துருவேறியது லேசில் கழன்று வருமா? நேற்று, உளி வைத்து உடைக்கலாம் என்றான் சிவபாண்டி. "ஹப்பு மரை போயிரும்லே. ராஜபாளையம் பூராம் சிரிக்கும். மறுபக்கம் புடி" என்றார் அப்பா. வாய் முற்றியது. இருவரும் ஒரே கடையில் பாம்பும் கீரியுமாக இருந்தவர்கள். "கழட்டிருவீங்களோ? கழட்டுங்க, என் மீசைய எடுத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு அவன் தெருமுனைக்குப் போனான். திரும்பி வந்தபோது அவர் நெஞ்சைப் பிடித்தபடி வைஸுக்குக் கீழே கிடந்தார்.

இப்போது ஆத்திரமெல்லாம் சக்கரத்தின் மேல் திரும்பியது. செத்தும் மானத்தை வாங்குகிறாரே என்றிருந்தது. இரண்டு கையாலும் ரிம்மைப் பிடித்து, காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இடப்பக்கமாக ஓர் இழுப்பு இழுத்தான்.

பலமே தேவைப்படவில்லை. சக்கரம் சர்ரென்று சுற்றியது. போன வேகத்தில் அவன் மேசைமேல் கவிழ்ந்தான். இன்னும் இரண்டு சுற்று. பிரீவீல் வைஸிலேயே நிற்க, சக்கரம் மட்டும் கையோடு வந்தது. கிழவர் நேற்றே இளக்கிவிட்டிருந்தார். சிவபாண்டி ஹப்பின் மரையில் விரலை ஓட்டிப் பார்த்தான். ஒரு சுற்றுகூட மழுங்கவில்லை.

முனீஸ்வரி அதைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு தகப்பன் காலடியில் போய் உட்கார்ந்தாள்.

சுடுகாட்டில் சவரம் செய்கிற சின்னக்கருப்பன் புது பிளேடு மாட்டி, சிவபாண்டி தலையில் தண்ணீர் தெளித்தார்.

"குனிப்பா. மொட்டைய முடிச்சிருவோம், மீசை கடைசியில."

அவன் குனியவில்லை. முகத்தை நிமிர்த்திக் காட்டினான்.

"மீசைய மொதல்ல எடுங்கண்ணே" என்றான்.