முன்பக்க ஷாஃப்ட்

காண்ட்ராக்டர் எனக்குத் தர வேண்டியிருந்தது எழுபத்திரண்டாயிரத்து நானூறு. ஏழு மாதக் கூலியில், வாடகைக்கும் அரிசிக்கும் என்று அவ்வப்போது தலையைச் சொறிந்து வாங்கியது போக நின்ற பாக்கி. நடுத்தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் சரியாகச் சொல்வேன். அவரைக் கேட்டால், "எவ்ளோப்பா அது, அம்பது சொச்சம் இருக்குமா?" என்பார்.

எங்கள் வேலை குழாய் பதிப்பது. குன்றின் உச்சியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதற்குக் கீழிருந்து இரும்புக் குழாய் போக வேண்டும். பன்னிரண்டு பேர் மூன்று வருடமாக அந்தச் சரிவில் கிடக்கிறோம். கடைசி மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு நாள் நான் பாக்கியைக் கேட்டேன். அவர் தன் பழைய பெட்ரோல் ஜீப்பின் முதுகைத் தட்டினார்.

"பணம் இப்போ கையில இல்லப்பா. ஒண்ணு பண்ணு, இந்த வண்டிய எடுத்துக்க. தொண்ணூறுக்கு ஒருத்தன் கேட்டுட்டு நிக்கிறான். நீ நம்ம ஆளு. உன் எழுபத்திரண்டாயிரத்து நானூறோட முடிச்சுக்கலாம்."

அன்றைக்கு மட்டும் நானூறு வரைக்கும் அவருக்கு ஞாபகம் இருந்தது.

ஆனாலும் எனக்கு ஆசை வந்தது, பொய் சொல்ல மாட்டேன். குன்றின் மேல் புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. லாரி பாதி வழியில் நின்றுவிடும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி ஒன்று கையில் இருந்தால் சிமெண்டு, மணல், கட்டில், பீரோ என்று நாளைக்கு நாலு நடை அடிக்கலாம். ஐம்பது வயதுக்கு மேல் தோளில் குழாய் சுமக்க வேண்டியதில்லை.

வீட்டில் சொன்னதும் என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"கூலி கேக்கப் போன மனுசன் ஜீப்பு வாங்கிட்டு வர்றாராம். அது நாலு சக்கரத்துலயும் இழுத்தா நமக்குச் சோறு. இழுக்கலைன்னா ஏழு மாசக் கூலி வாசல்ல நின்னு துருப்பிடிக்கும், அவ்ளோதான். தனியாப் போகாதீங்க. தம்பியக் கூட்டிட்டுப் போங்க."

அவள் தம்பி ஸ்கூட்டர் மெக்கானிக். வாய் நிற்காது. ஆனால் கை சுத்தம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே போனோம். ஜீப் வேலைத்தளத்துக் கொட்டகை முன்னால் நின்றது. மச்சினன் முதலில் சாவியைக் கேட்கவில்லை. பானெட்டின் மேல் கையை வைத்தான்.

"மாமா, இங்க கை வைங்க."

வைத்தேன். இளஞ்சூடாக இருந்தது.

"பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னாடியே பவுடர் போட்டு உக்கார வெச்சிருக்காங்க. பழைய பெட்ரோல் வண்டிய ஆறிப் போயிருக்கும்போதுதான் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும். அப்போதான் அது நெஜமா இருமும்."

காண்ட்ராக்டர் கொட்டகையிலிருந்து டீ கிளாஸோடு வந்தார். "காலையில ஒரு சுத்து போயிட்டு வந்தேன், தம்பி. அது தப்பா?"

"தப்பே இல்லீங்க மொதலாளி. நாங்க காத்திருக்கோம். ஆறட்டும்."

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அதற்குள் அவன் எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்பக்கம் விரலால் வழித்துப் பார்த்தான். மோர் மாதிரி வெள்ளையாக நுரை இருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தமாம். இல்லை. பெட்ரோல் போகிற ரப்பர் குழாய்களை வளைத்துப் பார்த்தான். இரண்டில் வெடிப்பு. "இது நெருப்பு விஷயம், மொதல்ல மாத்தணும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். ஒரு சின்னச் சுத்தியலால் அடிச்சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனான். டிங், டிங் என்று வந்த சத்தம் பின்பக்கம் ஓர் இடத்தில் தொப் என்று விழுந்தது. அங்கே மட்டும் புதிதாகக் கறுப்புப் பெயிண்ட் பளபளத்தது.

"மொதலாளி, இங்க மட்டும் ஏன் மை தீட்டியிருக்கீங்க? கண்ணு பட்டுடும்னா?"

"பழைய வண்டின்னா கொஞ்சம் துரு இருக்கத்தான் செய்யும். நீ என்ன கல்யாணமா பண்ணிக்கப் போற?"

"கல்யாணம்னா கூடத் தேவல. சண்டை போட்டா அவங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவாங்க. இது எங்க போகும்?"

எனக்கே சிரிப்பு வந்தது. வண்டிப் புத்தகத்தை நான் வாங்கி, எஞ்சின் மேல் அடித்திருந்த எண்ணோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பார்த்தேன். எனக்கு எழுத்து கைவந்தது நாற்பத்து மூன்றாம் வயதில். அதனால் நிதானமாகத்தான் போகும். எண் சரியாக இருந்தது. ஆறின எஞ்சின் நாலாவது இழுப்பில் பிடித்தது. பின்னால் கொஞ்சம் நீலப் புகை. எண்ணெய் குடிக்கிறது, ஆனால் சாகிற வயதில்லை என்றான் மச்சினன்.

பிறகு காண்ட்ராக்டர் தானே ஏறி உட்கார்ந்து, கியர் கம்பிக்குப் பக்கத்திலிருந்த குட்டைக் கம்பியைப் பின்னால் இழுத்தார். டக் என்று விழுந்தது.

"கேட்டியா? இதான் நாலு சக்கரம். யானை மாதிரி ஏறும்."

தார் ரோட்டில் பத்தடி முன்னால், பத்தடி பின்னால் ஓட்டிக் காட்டினார். மச்சினன் தலையாட்டினான். பாவம், அவன் பிழைப்பே இரண்டு சக்கரத்தோடுதான். கம்பி விழுந்தால் வேலை நடக்கிறது என்று நம்பிவிட்டான்.

"எடுக்கலாம் மாமா. அம்பதுதான் பெறும், ஆனா எடுக்கலாம்."

குழாய்க்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு வால்வைத் திருகினால், அதிலிருந்து குழாய் எங்கே போகிறது என்று கண் தன்னால் தேடும். இல்லாவிட்டால் தண்ணீரைத் திறந்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். கம்பியை இழுத்தார், சரி. நடுவில் இருக்கிற பெட்டியிலிருந்து முன் சக்கரத்துக்குச் சுழற்சி எது வழியாகப் போகிறது? தோளில் கிடந்த துண்டைத் தரையில் விரித்து, மல்லாந்து, அடியில் நுழைந்தேன்.

பின் சக்கரத்தைச் சுழற்றுகிற இரும்புத் தண்டு, ஷாஃப்ட், இருந்தது. என் முழங்கை கனம், எண்ணெய் கசிந்து மண் ஒட்டி. அதே மாதிரி முன்பக்கம் ஒன்று போக வேண்டும். போகவில்லை. பெட்டியின் முன்வாயில் நாலு போல்ட் ஓட்டைகள். நாலிலும் செம்மண் அடைத்து இறுகிக் கிடந்தது. எதிரே முன் அச்சின் வாயைச் சாக்குத்துணியால் மூடிக் கட்டுக்கம்பி சுற்றியிருந்தது. கம்பி துருவேறி, தொட்டதும் உதிர்ந்தது. விரலால் மண்ணைச் சுரண்டினேன். மேலே ஒரு நிறம், அதற்கடியில் ஒரு நிறம், அதற்கும் அடியில் இன்னொன்று. ஒவ்வொரு மழைக்கும் ஒரு பூச்சு.

நேற்றுக் கழற்றியது இல்லை இது. மூன்று மழைக்கு முன்னால் கழற்றியது.

மல்லாந்தபடியே கிடந்தேன்.

மூன்று மழைக்காலமும் இந்த ஜீப் சரிவின் அடியில்தான் நின்றது. "மண்ணு வழுக்குது, எந்த வண்டியும் ஏறாது, நான் என்ன பண்ணட்டும்?" என்று இவர் குடைக்கடியில் நின்று சொன்னார். நாங்களும் நம்பினோம். நம்பினது மட்டுமா? சக்கரத்துக்கு அடியில் கல் போட்டு, ஏலேலோ சொல்லி, பன்னிரண்டு பேர் பின்னாலிருந்து தள்ளி, முகமெல்லாம் சேறு வாங்கினோம். அதன்பிறகு இருபதடிக் குழாயை இரண்டிரண்டு பேராகத் தோளில் ஏற்றினோம். ஒரு குழாய் எழுபது கிலோவுக்கு மேல். நூற்று எண்பது குழாய். ஒட்டகம் என்று நாங்கள் கூப்பிடுகிற மூத்தவர், எதைச் சுமந்தாலும் வாயைத் திறக்காதவர், இரண்டாவது மழையில் வழுக்கி விழுந்து தோள் எலும்பு முறிந்தார். "மழை செஞ்ச வேலை" என்றார் காண்ட்ராக்டர். அந்த மாதம் ஒட்டகத்துக்குக் கூலியும் இல்லை.

வெளியே வந்தேன்.

"முன் ஷாஃப்ட் எங்க மொதலாளி?"

"என்ன?"

"முன் சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட். மூணு வருசமா இல்ல. எங்க?"

மச்சினன் பொத்தென்று தரையில் படுத்து உள்ளே எட்டிப் பார்த்தான். "அட நாசமாப் போச்சு" என்று அடியிலிருந்து சத்தம் வந்தது.

காண்ட்ராக்டர் டீ கிளாஸைப் படியில் வைத்தார். "ஜாயிண்ட் உடைஞ்சு தொங்குச்சுப்பா. கழட்டிப் போட்டுட்டேன். புதுசு போட பதினெட்டாயிரம் சொன்னான். இருக்கற நெலமையில எதுக்குத் தண்டச் செலவு?"

"தண்டச் செலவா?"

"அதான் நீங்கல்லாம் இருந்தீங்களே."

இதை அவர் திட்டுவது போலச் சொல்லவில்லை. பாராட்டுவது போலச் சொன்னார். அதைத்தான் என்னால் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. பதினெட்டாயிரத்தையும் எங்களையும் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறார். நாங்கள் மலிவாக இருந்திருக்கிறோம்.

"சுமந்ததுக்குத் தனியா ஒரு காசு குடுத்தீங்களா? ஒட்டகத்துக்கு எலும்பு முறிஞ்சப்ப மழை மேல பழி போட்டீங்களே, மழையா வந்து போல்ட்டைக் கழட்டுச்சு?"

"ஏய், குரலக் கொற. வண்டி வேணும்னா எடு, வேண்டாம்னா போ. பணம் வர்றப்ப வரும்."

நான் குரலைக் குறைக்கவில்லை. வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். அன்றைக்குக் கடைசி இணைப்பை முடித்தாக வேண்டும். மறுநாள் எஞ்சினியர் வந்து தண்ணீரைத் திறந்து பார்ப்பார். பார்த்தால்தான் காண்ட்ராக்டருக்குப் பெரிய பில் பாஸாகும்.

"என்னண்ணே சத்தம்?" என்று வெல்டர் கேட்டான்.

"வாயால சொன்னா நம்ப மாட்டே. படுத்துப் பாரு."

துண்டைக் காட்டினேன். வெல்டர் படுத்து உள்ளே போனான். சிறிது நேரம் கழித்து வந்தான். சட்டையிலிருந்த மண்ணைக்கூடத் தட்டவில்லை. அடுத்தவன் படுத்தான். பிறகு அடுத்தவன். ஜீப்புக்கு அடியில் நுழைவதற்கு வரிசை நின்றது. கடைசியாக ஒட்டகம் வந்தார். தோள் சரியாக மடங்காததால் அவரால் படுக்க முடியவில்லை. இரண்டு பேர் பிடித்துச் சாய்த்தார்கள். அவர்தான் அதிக நேரம் பார்த்தார்.

எழுப்பி நிறுத்தியதும் சொன்னார்: "சாக்கு சுத்தி எவ்ளோ அழகாக் கட்டியிருக்காரு. என் தோளுக்குக் கூட அப்படிக் கட்டு போடல."

வெல்டர் அவர் முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டான்.

"சரி சரி, பாத்தாச்சுல்ல? போய் வேலையப் பாருங்க" என்றார் காண்ட்ராக்டர். யாரும் அசையவில்லை. வெல்டர் கையுறைகளைக் கழற்றி ஜீப்பின் பானெட் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தான். மணி ஒன்பதாயிற்று. ஒன்பதரையாயிற்று.

"என்னடா, சங்கம் வெக்கறீங்களா? எல்லாம் உன்னாலதான்" என்று என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு எஞ்சினியர் வர்றாரு, தெரியும்ல?"

"தெரியும். அவருக்கும் ஒரு துண்டு விரிச்சுடலாம்."

இதைச் சொன்னவன் நான் இல்லை, மச்சினன். அவன் வாய் அன்றைக்குத்தான் காசு பெற்றது.

காண்ட்ராக்டர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு யாரிடமோ ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு போனார். பத்தே காலுக்கு ஒரு துணிப்பையோடு திரும்பி வந்தார். கையில் இல்லாத பணம் முக்கால் மணி தூரத்தில்தான் இருந்திருக்கிறது.

கொட்டகை மேசையில் வைத்து எண்ணினார். நானும் எண்ணினேன். எழுபத்திரண்டாயிரத்து நானூறு. அவர் ஒரு தாளை நீட்டினார். "இனி எந்த விதத்திலும் எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று முன்பே எழுதி வைத்திருந்தார். முழுதும் வாசித்தேன். அந்த வரியைக் குறுக்கே அடித்துவிட்டு, "கூலிப் பாக்கி மட்டும் தீர்ந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"இதுக்கு என்னப்பா அர்த்தம்?"

"எழுதியிருக்கறதுதான் அர்த்தம்."

பணத்தை மடித்து உள்பையில் வைத்தேன். என் கூலிக் கணக்கு அவரோடு முடிந்தது. திரும்பினால், எனக்குப் பின்னால் ஒட்டகம் நின்றார், அவருக்குப் பின்னால் வெல்டர், அதற்குப் பின்னால் மற்ற ஒன்பது பேரும். நான் நாற்காலியை விட்டு எழுந்து, தோள் இடிக்காதபடி ஒட்டகத்தைப் பிடித்து உட்கார வைத்தேன்.