கொசுறாகப் போன குரல்

ஜூலியட் வழக்கமாக மாதா கோயிலின் விடியற்காலைப் பூசையில்தான் பைபிள் வாசகம் வாசிப்பாள். அந்த ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிப் பூசையில் வாசிக்கிற கரோலுக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பியதால் அந்தப் பூசைக்கு நின்றாள். வாசித்து முடித்து இடத்தில் வந்து உட்கார்ந்தபோது, வெளியே ஒலிபெருக்கிக்குக் கீழே பூக்கூடையோடு இருந்த ஒருத்தி விருட்டென்று எழுந்தது அவளுக்குத் தெரியாது.

பூசை முடிந்து படியிறங்கியவளின் கையை அவள்தான் பிடித்து நிறுத்தினாள். தேவானை. கோயில் வாசலில் மல்லியும் மெழுகுவத்தியும் விற்பவள்.

"யம்மா, நில்லு. உள்ள படிச்சது நீதான?"

"ஆமா. ஏன்?"

"அப்ப போன்ல பேசனதும் நீதான? எம்மாம் நேரம் அழுதேன் உன்கிட்ட! எல்லாத்தியும் கேட்டுக்கினு, பாத்துக்கலாம்னு சொன்னியே. இன்னாத்த பாத்த?"

"நான் உங்ககிட்ட போன்ல பேசுனதே இல்லம்மா."

"மாதா கோயில்ல நின்னுகினு பொய் சொல்லாத."

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஜூலியட்டுக்கு முகம் சூடாகிவிட்டது. கையை உதறிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் தேவானையின் போன் பேசுவதையெல்லாம் தானாகப் பதிவு செய்கிற போன். அவள் அதைத் தேடியெடுத்து ஜூலியட்டின் காதில் வைத்து அழுத்தினாள்.

வீடு ஒதுக்குகிற இடத்திலிருந்து அவளுக்கு வந்த அழைப்பு அது. தேவானையின் குரல் முதலில் வந்தது. ஆத்தோரம் இருந்த வீடுகளை எடுக்கிறார்கள். அவளுக்கு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் நாலாவது மாடி ஒதுக்கியிருக்கிறார்கள். புருஷன் பாலுவுக்குச் சக்கரையில் ஒரு கால் எடுத்தாகிவிட்டது. லிப்ட்டை நம்ப முடியாது. கீழ் வீடு வேண்டும். அவள் சொல்லச் சொல்ல நடுநடுவே இன்னொரு குரல்.

"ம்ம்."

"அடடா."

"ம்ம், புரியுதும்மா."

கடைசியில், ரொம்பப் பரிவாக: "சரிம்மா. பாத்துக்கலாம்."

அது ஜூலியட்டின் குரல்தான். 'ம்ம்' சொல்லும்போது கடைசியில் லேசாக மூக்கில் இழுப்பதுகூட அப்படியே இருந்தது.

"அத நம்பித்தான் முகாமுக்குப் போவல," என்றாள் தேவானை. "ஆட்சேபம் இருந்தா முகாம்ல வந்து நேர்ல சொல்லுன்னாங்க. நாந்தான் சொல்லிட்டேனே, அந்தம்மா பாத்துக்கலாம்னுச்சேன்னு இருந்துட்டேன். முகாம் முடிஞ்சிட்ச்சு. நாளைக்கி இல்ல, அடுத்த திங்கக்கெயம சாமான ஏத்தறாங்க. அந்த மனுஷன நாலு மாடி யாரு தூக்குவா? நீ தூக்குவியா?"

ஜூலியட் மாதா சிலை வைத்த கெபிக்குப் பக்கத்தில் இருந்த திண்டில் உட்கார்ந்துவிட்டாள். டப்பிங் பேசுவதுதான் அவள் பிழைப்பு. வடபழனி ஸ்டுடியோ ஞாபகத்துக்கு வந்தது. ரெண்டு வருஷம் இருக்கும். ஏதோ அறிவிப்புக் குரல் என்று கூப்பிட்டார்கள். பக்கம் பக்கமாகப் படித்து முடித்துக் கிளம்பும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "அக்கா, அப்படியே கொஞ்சம் ரியாக்‌ஷன் குடுத்துட்டுப் போங்களேன்" என்று கேட்டார்கள். டப்பிங் வேலையில் இது சகஜம். பெருமூச்சு, சிரிப்பு, 'ம்ம்', 'அடடா', 'பாத்துக்கலாம்' எல்லாம் பேசிய வேலைக்கு மேல் போடுகிற கொசுறு. யாரும் எதுக்கு என்று கேட்பதில்லை. அவளும் கேட்கவில்லை.

அன்று மத்தியானம், தேவானைக்கு அழைப்பு வந்த நம்பருக்கு அவளே போன் போட்டாள்.

"வணக்கம், சொல்லுங்கம்மா," என்றது அவள் குரல்.

"நீ யாரு?"

"உங்களுக்கு உதவத்தாங்க இருக்கேன்."

"நான் ஜூலியட்டு. இது என் குரல். கழட்டி வை."

"ம்ம், புரியுதும்மா," என்றது. பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டு, "பாத்துக்கலாம்."

ஜூலியட் போனைக் கட்டிலில் விட்டெறிந்தாள். அப்புறம் எடுத்து, உடையவில்லை என்று பார்த்துக்கொண்டு, அபிராமபுரத்துக்கு பஸ் ஏறினாள்.

அங்கே வக்கீல் நீரஜா இருந்தாள். அவள் பெண்ணுக்கு ஜூலியட் பேச்சுப் போட்டிக்குப் பயிற்சி கொடுத்திருந்தாள், அந்தப் பழக்கம். தேவானையிடம் வாங்கியிருந்த பதிவை நீரஜா ரெண்டு தரம் கேட்டாள்.

"உலகம் பூரா இதே தலைவலிதான் ஜூலியட். பேசறது மிஷின்னா அத மனுஷங்ககிட்ட சொல்லியாகணும்னு ஐரோப்பாவுல சட்டமே எழுதிட்டாங்க. தென் கொரியாவுலயும் எழுதிட்டாங்க. கனடாவுல ஒரு ஏர்லைன்ஸோட மிஷின் ஒருத்தர்கிட்ட தப்பா ஒண்ண சொல்லிடுத்து. அது தனியா பேசித்து, எங்களுக்குப் பொறுப்பில்லேன்னு கம்பெனி வாதாடிப் பாத்தது. எடுபடல. உன் மிஷின் சொன்னா நீ சொன்ன மாதிரின்னுட்டாங்க."

"இங்க?"

"மிஷின் பண்ணின படம், குரலுக்கெல்லாம் லேபிள் ஒட்டணும்னு விதி வந்திருக்கு. ஆனா மிஷின் குடுத்த வாக்க யார் காப்பாத்தணும்? அத இன்னும் பேசிண்டுதான் இருக்கா. கேஸ் போட்டா வருஷக்கணக்கா இழுக்கும்."

"அடுத்த திங்கக்கிழமை சாமான் ஏத்தறாங்க மேடம்."

நீரஜா யோசித்தாள். "வியாழக்கிழம தி.நகர்ல ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்கு. இந்த விதிகளைப் பத்தித்தான். கம்பெனிக்காரங்களும் வருவாங்க. வீடு ஒதுக்கற வேலைய எடுத்துண்டு உன் தேவானைக்கு போன் போட்ட கம்பெனியும் பேசப்போறது. யார் வேணா போய்ப் பேசலாம். ஆனா அங்க தீர்ப்பெல்லாம் சொல்ல மாட்டாங்க."

"மைக் இருக்குமா?"

"இருக்கும்."

"அது போதும்."

தி.நகர் ஹாலில் ஏசி குளிர் எலும்பைத் தொட்டது. தேவானை பூக்கூடையை வெளியே வைக்க மறுத்து, மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேடையில் பஞ்சாட்சரம், ஓய்வு பெற்ற அதிகாரி, குழுவின் தலைவர். கம்பெனி சார்பில் நாகராஜ் என்ற இளைஞன் திரையில் படம் காட்டிப் பேசினான். ஐரோப்பா கயிறு கட்டி இழுக்கிறது, அமெரிக்கா அவிழ்த்து விட்டிருக்கிறது, நாம் நடுவில் போக வேண்டும், அவசரப்பட்டு விதி போட்டால் சின்னக் கம்பெனிகள் செத்துவிடும் என்றான். நன்றாகத்தான் பேசினான். கை தட்டினார்கள்.

"இன்னா சொல்றான்?" என்று தேவானை காதைக் கடித்தாள்.

"எல்லா ஊர்லயும் சட்டம் போட்டா இவங்களுக்குக் கஷ்டமாம்."

"எனுக்கு கஷ்டம்னா மட்டும் ம்ம்முன்னு கேட்டுக்கினு இருந்துச்சு?"

ஜூலியட்டின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் மைக்கைத் தட்டிப் பார்க்கவில்லை. எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தேவானையின் போனை மைக்குக்கு நேரே பிடித்து, பதிவை ஓட விட்டாள். நாலாவது மாடி, பாலுவின் கால், 'அடடா', எல்லாம் ஹாலில் நிரம்பியது. 'சரிம்மா. பாத்துக்கலாம்' வருவதற்குச் சற்று முன்னால் போனை நிறுத்தினாள்.

"சரிம்மா. பாத்துக்கலாம்," என்றாள் அவளே.

பின் வரிசையில் யாரோ "ஐயோ" என்றார்கள்.

"இந்தக் குரல் என்னுது. ஆனா இந்தம்மாகிட்ட நான் பேசல. நான் பேசியிருந்தா நான்தான் போய்க் கேட்டிருக்கணும், வாக்கு என் தலையில. இப்ப மிஷின் பேசிடுச்சு. வாக்கு யார் தலையில? எனக்கு வேற ஒண்ணும் தெரிய வேணாம்."

பஞ்சாட்சரம் தொண்டையைச் செருமினார். "அம்மா, உங்க கருத்தப் பதிவு பண்ணிக்கிட்டோம். தனிப்பட்ட குறைய இந்தக் குழு தீர்க்க முடியாது. அடுத்தவங்க..."

"அடுத்தவங்க வரட்டும் சார். நான் நகர மாட்டேன்."

"மேடம், டெக்னிக்கலா அது பதிலே இல்ல," என்று நாகராஜ் எழுந்தான். "எதிர்ல இருக்கறவங்க மனசு விட்டுப் பேசறதுக்காக வெச்ச சத்தம். அவ்ளோதான். அதுக்கு அர்த்தம் கிடையாது."

"அர்த்தம் இல்லாததுக்கு என்னை எதுக்குத் தம்பி அத்தன தரம் சொல்லச் சொன்னாங்க? இன்னும் கொஞ்சம் பாசமா, இன்னும் கொஞ்சம் பாசமான்னு?"

அதற்குள் தேவானை கூடையோடு எழுந்து நின்றுவிட்டாள்.

"நைனா, ஒரே ஒரு தபா கேக்கறேன். அது மிஷின்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் முகாமுக்கு ஓடி வந்திருப்பேனா மாட்டனா?"

பஞ்சாட்சரம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"தீர்ப்பு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல நாகராஜ். ஆனா கேள்வி கேக்கறதுக்கு அதிகாரம் தேவையில்ல. ஒதுக்கீட்டு வேலைய எடுத்திருக்கறது உங்க கம்பெனி. இந்தம்மாவுக்கு என்ன பதில்?"

"சரி சார்," என்றான் நாகராஜ். "பாத்துக்கலாம்."

ஹாலே சிரித்தது. அவனுக்கே அப்புறம்தான் உறைத்தது. ஜூலியட் மட்டும் சிரிக்கவில்லை.

"அந்த வார்த்தை வேணாம். யாரு வருவீங்க, எப்ப வருவீங்க?"

"நானே வரேன் மேடம். திங்கக்கிழம காலைல. ஸ்பாட்டுக்கே."

திங்கட்கிழமை அடுக்குமாடிக்கே வந்தான். லிப்ட் ஓடவில்லை. பாலு கீழே ஆட்டோவில் கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "நான் இங்கியே கீறேன், நீங்க போய்ட்டு வாங்க," என்று கையாட்டினான். ஜூலியட் முன்னால் ஏற, நாகராஜ் நடுவில் ஏற, தேவானை பின்னால் ஏறினாள். நாலாவது மாடியில் நாகராஜ் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

தேவானை முதலிலிருந்து சொன்னாள். கால் எடுத்தது, கட்டு மாற்ற ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது, எதையும் விடவில்லை.

"ம்ம்," என்றான் நாகராஜ்.

"அந்தச் சத்தம் என்னுது தம்பி," என்றாள் ஜூலியட். "நீங்க வார்த்தையா சொல்லுங்க."

அவன் எட்டிக் கீழே ஆட்டோவைப் பார்த்தான். ரெண்டு இடத்துக்குப் போன் பேசினான். "கீழ ஒரு வீடு யாருக்கும் குடுக்காம நிறுத்தி வெச்சிருக்கோம். அத இவங்களுக்கு மாத்திடறேன். இன்னைக்கே சாவி."

"பேரோட சொல்லு," என்று தேவானை போனை அவன் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"எதுக்கும்மா?"

"சொல்லு நைனா. இன்னா, பேரு மறந்துட்ச்சா?"

"நாகராஜ்... நாகராஜ் ஆகிய நான்," என்று ஆரம்பித்து, மூச்சு வாங்க, முழுசாகச் சொல்லி முடித்தான். தேவானை அதை ஒரு தரம் போட்டுக் கேட்டுச் சரிபார்த்துவிட்டு, சாமானை இறக்கச் சொல்லக் கீழே ஓடினாள்.

நாகராஜும் படியில் கால் வைத்தான். ஜூலியட் குறுக்கே நின்றாள்.

"இருங்க தம்பி. அவங்க வீடு ஆச்சு. இப்ப என் குரலப் பத்திப் பேசலாம்."